வியாழக்கிழமை நோட்டு

முப்பத்தோராவது வாரம்.
லெட்டர்கென்னி மருத்துவமனை, மூன்றாவது மாடி.
எழுந்து நடக்காதே என்றார்கள்,
இடப்பக்கம் சாய்ந்தே படு என்றார்கள்.
வகுப்புக்குப் பெயர் கொடுத்தாயிற்றே என்றேன்.
"நான் போறேன்" என்றான் கொன்லத்,
கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிறவன் மாதிரி.

கில்லிபெக்ஸ் தேவாலயக் கூடம், மாலை ஏழு மணி.
பிங்கோ எண்பலகையை இன்னும் கழற்றாத சுவர்.
எட்டு வயிறுகள். நடுவில் இவன்,
வலை பழுது பார்க்கிற கை, டீசல் மணக்கும் ஸ்வெட்டர்.
ஆளுக்கொரு பொம்மை கொடுத்தாளாம் அட்ராக்டா,
உள்ளே அரிசி வைத்துத் தைத்தது, மூன்று கிலோ.
ஆளுக்கொரு முலையும்.
கம்பளி நூலில் பின்னியது, காம்பு மட்டும் பழுப்பு.
இவனுக்கு வந்தது ஊதா.
நூல் தீர்ந்துபோயிருக்கிறது.

"சிரிச்சாங்களா?"
"யத்விகா சிரிச்சா. மீன் ஃபாக்டரியில இருக்காளே, அவ."
சற்று நேரம் கழித்து,
"அதுல ஒரு கண்ணி விட்டிருந்தது.
வகுப்பு முடியறதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டேன்."

கானாங்கெளுத்தி எடை எழுதுகிற நோட்டு.
அதன் பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறான்:
முதல் நாள் வயிறு ஒரு செர்ரிப் பழம்.
வருவது சீம்பால். மஞ்சள். சொட்டுக் கணக்கு. போதும்.
அழுத பிறகு இல்லை, அழுவதற்கு முன்னால்.
தலையைத் திருப்பித் திருப்பித் தேடும், அப்போதே.
பின்மண்டையைப் பிடித்து அழுத்தாதே. (இரண்டு கோடு.)
மூக்குக்கு நேரே காம்பு.
வாய் அகலத் திறக்கும்வரை பொறு.
பொறு.
வலித்தால் இழுக்காதே, வாயோரம் சுண்டுவிரல் விட்டு எடு.
அதன் கீழே, அதே பென்சிலில்,
மின்கட்டணம், முட்டை, பழைய பூட்ஸ்.

நான் குனிந்து குனிந்து பார்க்கிறேன்,
மடியில் சுருட்டிய துண்டு, அதுதான் பிள்ளை.
"குனியாத" என்கிறான்.
"படகுதான் துறைக்கு வரணும்.
துறை எங்கயாவது எந்திரிச்சுப் போகுமா?"
இது அட்ராக்டா சொன்னதில்லை, கேட்டுவிட்டேன்.
காது சிவந்தது அவனுக்கு.

அம்மா தொலைபேசியில்:
இதுக்குப் போய் ஒரு வகுப்பா?
நாலு பேரையும் டின்னில்தான் வளர்த்தேன்,
யாருக்கு என்ன குறைந்துவிட்டது?
குறைந்துவிட்டதென்று நான் சொல்லவில்லை.
எங்கள் தெருவில் ஒருத்தி பால் கொடுத்து
நான் பார்த்ததே இல்லை என்றேன்.
அவளும் பார்த்ததில்லையாம்.
பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

மூன்றாம் வியாழன் அவன் கேட்டிருக்கிறான்,
முன்னாலேயே பிறந்துவிட்டால்?
உறிஞ்சத் தெம்பில்லாவிட்டால்?
கூடம் அமைதியாகிவிட்டதாம்.
வகுப்பு கலைந்ததும் அட்ராக்டா
சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தாள்,
அந்த ஊதா முலையை வைத்தே,
கையால் பீய்ச்சுவது எப்படி, ஸ்பூனில் பிடிப்பது எப்படி.

மறுநாள் திரையை இழுத்துவிட்டு எனக்குக் காட்டினான்,
என்னைத் தொடாமல்,
தன் ஸ்வெட்டர் மேலேயே.
விரல்களைப் பிறை மாதிரி வளைத்து, காம்பைவிட்டுத் தள்ளி.
நெஞ்சுப் பக்கம் அழுத்து. சேர். விடு.
தோலில் வழுக்கக்கூடாது.
அழுத்து. சேர். விடு.
தேநீர் கொண்டுவந்த செவிலி
திரையைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள்.
சிரித்ததில் என் வயிறு இறுகிவிட்டது,
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தோம்.
தளர்ந்தது.
"இப்ப நீ செஞ்சு பாக்கக் கூடாது" என்றான் மெல்ல,
"கருப்பை முழிச்சுக்குமாம். தெரிஞ்சு மட்டும் வச்சுக்க."

தெரிந்து மட்டும் வைத்திருக்கிறேன்.
இரவில் போர்வைக்கு வெளியே,
காற்றில், பிறை வளைத்துப் பார்க்கிறேன்.
உள்ளே ஒருத்தியோ ஒருத்தனோ விக்குகிறது.

அவன் போனபின் நோட்டைப் புரட்டினேன்.
கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி:
பால் வராவிட்டால் அவளிடம் என்ன சொல்வது?
அதன் கீழே பதில் இல்லை.
அட்ராக்டாவின் தொலைபேசி எண் இருக்கிறது,
கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று
அவனைத்தான் கேட்கவேண்டும்.